சீட்டு மேசையில் வந்த பதில்

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், சகோதர சகோதரிகளே. ஆனால் கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் இந்தச் சாட்சி ஒருநாளும் வராது.

என் கணவருக்கு ஸ்கிசோஃப்ரினியா. காதில் குரல் கேட்கும் வருத்தம். மகள் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. கொரோனா முடிந்த அடுத்த குளிர்காலத்தில் பேச்சும் நின்றுபோனது. சபையில் என்ன சொன்னீர்கள்? பிசாசு என்றீர்கள். டொக்டர் தந்த குளிசையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்றார் ஒரு மூப்பர். இவர் நிறுத்தினார். வருத்தம் முற்றி, பொலிஸ் வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. உங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு பகல்நேரச் சிகிச்சை நிலையத்தில் சேர்த்தார்கள். களிமண், படம் கீறுதல், பந்து. இவர் எதையும் தொடவில்லை. இப்படியே இருந்தால் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அன்று குசினியில் அடுப்புக்கு முன்னால் முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

"சுகம் கேக்கேல்லை. என்ரை மனுசன் என்னோடை ஒரு வார்த்தை கதைக்கோணும். அதுவும் ஏலாதெண்டால் சொல்லும்."

அடுத்த கிழமை அங்கே வேலை செய்யும் ஜெர்மன்காரி, இவர் முன்பு என்ன விளையாடுவார் என்று கேட்டாள். சொல்ல வாய் கூசியது. முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். அகதி முகாமில் விடிய விடிய விளையாடியவர், ஞானஸ்நானம் எடுத்த அன்று சபை சொன்னதென்று சீட்டுக்கட்டைக் கிழித்துப் போட்டார்.

அவள் ஒரு சீட்டுக்கட்டு கொண்டுவந்தாள். அவளும் இன்னொரு நோயாளியும் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் மறுபக்கம். எனக்கே விளையாட்டு அரைகுறை, தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கவிழ்த்து மறைத்து வைத்த துரும்புச் சீட்டைத் திறக்கப் போனேன்.

"விமலா, அதை இப்ப திறக்காதையும். உமக்கு ஒருநாளும் விளையாடத் தெரியாது."

ஏச்சுத்தான். நான் விம்மி அழுதேன்.

"அழாமல் சீட்டைப் போடும்," என்றார்.

விஷயம் தெரிந்து அந்த மூப்பர் தொலைபேசி எடுத்தார்.

"சகோதரி, சீட்டு விளையாடுறது பாவமெல்லோ?"

"ஓம் அண்ணை. உங்கடை புத்தி அவரைப் பொலிஸ் வண்டியில ஏத்தினது. இந்தச் சீட்டு அவரைக் கதைக்க வைச்சது. எது ஆண்டவர் தந்ததெண்டு எனக்குத் தெரியும்."

வருத்தம் மாறவில்லை. குரல்கள் இன்னும் கேட்கின்றன. குளிசை எடுக்கிறார். ஆனால் வீட்டில் இருக்கிறார், தோற்றால் என்னோடு கோபிக்கிறார். அதற்காக நான் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவரை அறைக்குள் மறைத்து வைத்திருக்கிறீர்கள். ஆண்டவரை நம்புங்கள். குளிசையைக் கொடுங்கள். அவருக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேளுங்கள். எங்களுக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிய வீட்டுக்கு வாருங்கள். இந்த விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும். மகளோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான்.