பக்கத்தில் நிற்பவர்

கணவனுக்கு வேறு ஒருத்தியோடு பழக்கம் என்று ஜெர்மேன் முடிவு கட்டியதற்குக் காரணம் ஒரு சட்டை. கல்யாணமான நாள்முதல் வீட்டில் வெறும் கைலியோடு திரிந்த லூர்துநாதன், கொஞ்ச நாளாகக் காலையில் முகம் கழுவி, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டுதான் காபி போட அடுப்படிக்குப் போனான். அங்கே யார் இருக்கிறார்கள், இவன் அலங்காரத்தைப் பார்க்க?

போதாததற்கு, வாயைத் திறந்தால் வந்து விழும் கெட்ட வார்த்தையும் நின்றுபோயிருந்தது. பாத்திரம் கழுவும்போது உதடு அசைந்தது. சில நேரம் தானாகச் சிரித்தான்.

"மனுஷன் திருந்தினா நல்லதுதானேக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு சரிதா.

"ஆம்பள சும்மா திருந்துவானா?"

முதலியார்பேட்டை மருந்துக்கடையில் ஜெர்மேனோடு வேலை செய்பவர்கள் அவளை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் குளிக்கும்போது போனை எடுத்துத் துழாவினாள். ஒன்றுமில்லை. அழித்துவிட்டான் என்று நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மீன் வாங்குகிறேன் என்று வைத்திக்குப்பம் போய், வெகுநேரம் கழித்தே வருவான். ஒரு ஞாயிறு ஆட்டோவில் பின்னாலேயே போனாள். படகு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். கையில் போன் இல்லை. சற்றுத் தள்ளி மீன் விற்கும் அன்னக்கிளி. அவன் சிரித்தான், அதே நேரம் அவளும் எதற்கோ சிரித்தாள். ஜெர்மேனுக்கு அது போதும்.

"ஓ, இவதானா?" என்று பாய்ந்தாள்.

அன்னக்கிளி கத்தியைக் கீழே வைத்தாள். "யாரும்மா நீ? உன் வூட்டுக்காரரா இது? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு. வாரா வாரம் வந்து தனியா பேசிக்கினு கெடக்குறாரு."

ஜெர்மேன் அவன் பக்கம் திரும்பினாள். "யார்கிட்ட பேசுனீங்க?"

"ஆண்டவர்கிட்ட."

"என்னைப் பாத்தா கேனச்சியாட்டம் தெரியுதா?"

லூர்துநாதன் தலை குனிந்தபடி சொன்னான். "தவக்காலத்துல, சேதராப்பட்டு கம்பெனில கிரேன் செயின் அறுந்து இரும்புச் சட்டம் என் தோளை ஒட்டி வுழுந்துச்சு. அப்ப கூட வேலை செய்யற ராஜவேலை நாக்கூசாம திட்டிக்கிட்டு இருந்தேன். 'ஆண்டவரே'ன்னு கத்துனேன். கூப்புட்ட ஒடனே காப்பாத்துனாருன்னா, பக்கத்துலயேதானே நின்னுருக்காரு? நான் திட்டுனதையும் கேட்டுருப்பாரு இல்ல? அதுலேர்ந்து அவரு முன்னால எப்படி வேணும்னாலும் இருக்க முடியல."

அவள் நம்பவில்லை. மறுநாள் ராஜவேலுக்குப் போன் போட்டாள். "ஆமா அண்ணி. கோவம் வந்தா வாயைப் பொத்திக்கிறாரு. காத்தைப் பாத்து மன்னிப்பு கேக்குறாரு. நாங்க சிரிப்போம். ஆனா இப்ப யாரும் அவரு முன்னால அசிங்கமா பேசறதில்ல." இவனும் கூட்டோ என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு அவளும் கடற்கரைக்குக் கிளம்பினாள், காவலுக்கு. லூர்துநாதன் நகர்ந்து இடம் விட்டான்.

"என்னத்தப் பேசறது?"

"மனசுல இருக்கறத."

"திட்டலாமா?"

"திட்டு. மரியாதையா திட்டு."

ஏதோ ஒரு பேச்சுக்குத்தான் ஆரம்பித்தாள். வந்ததோ அப்பாவின் கதை. வேலை என்று காரைக்கால் போய்வந்த அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது என்பது, அவருடைய சவப்பெட்டியருகே முன்பின் தெரியாத ஒரு பெண் 'அப்பா' என்று விழுந்து அழுதபோதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. அன்றுமுதல் ஜெர்மேன் யார் சொன்னதையும் நம்பியதில்லை.

"நீரு பக்கத்துலதானே நின்னீரு? எங்கம்மாகிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்னக்கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லூர்துநாதன் ஆண்டவருக்காகப் பதில் சொல்லப் போகவில்லை. ஆனால், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தை நோட்டம் விடாமல் அவள் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்காகச் சந்தேகம் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. அந்த வாரமும் போனைத் துழாவினாள். ஞாயிறுகளில் மட்டும் கூடவே போனாள். போகப் போக, காவலுக்கு என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அதுவரை அப்பாவின் கல்லறைப் பக்கமே போகாதவள், சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. காரைக்காலிலிருந்து அந்தப் பெண்தான் வந்துபோயிருக்க வேண்டும்.

மாலையைக் கல்லறைமேல் வைத்தாள். பிறகு குனிந்து, தன் மெழுகுவர்த்தியை அந்தச் சுடரிலேயே ஏற்றினாள்.