நல்லேர் அன்று உழாத வயல்

எங்கள் ஊரில் சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து நல்லேர் கட்டுவார்கள். ஊரே கூடி, கிழக்கே பார்த்து, வருஷத்தின் முதல் உழவை உழுவது. முன்பெல்லாம் மாடு. இப்போது டிராக்டருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டுகிறார்கள். மாலையை அது தின்பதில்லை, பக்கத்தில் நிற்பவரை முட்டுவதில்லை. அந்த வகையில் மாட்டைவிட மரியாதை தெரிந்தது. அதற்கப்புறமும் ஒரு வயல் உழாமல் கிடந்தால் ஊரில் இரண்டில் ஒன்று நினைப்பார்கள்: வயலுக்குரியவர் சிங்கப்பூர் போயிருக்க வேண்டும், இல்லை சுடுகாட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் போகவில்லை. வரப்பில் வழுக்கி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எனக்குக் கண்ணைத் திறந்து வைப்பதே வேலையாக இருந்தது. நெல் அறுத்த தாளைக் கொளுத்தவும் ஆள் இல்லை, கோடை உழவுக்கு டிராக்டர் பேசவும் தெம்பு இல்லை. நெல்லுக்குப் பின் தெளித்த உளுந்தையும் பிடுங்கிய வயல் தாளும் சருகுமாக அப்படியே கிடந்தது.

மன்னார்குடி பஸ்ஸில் போன அவருடைய ஒன்றுவிட்ட தங்கை, ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். பாதியில் இறங்கி, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி! ஒரு வார்த்த சொல்லி வுடலியே அண்ணி!"

"என்னத்த?"

"அண்ணன் எப்ப தவறுனாரு? உழாத வயலப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் தவறல. காபி கேட்டு ரொம்ப நேரமாவுது. வந்ததும் குடிச்சிட்டுத் தவறிக்கிறேன்."

ஆரம்பித்த அழுகையை எங்கே நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை. மிச்சத்தை அவர் இடுப்புக்காக அழுது முடித்து, காபியும் குடித்துவிட்டுப் போனாள். நான் பல நாள் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆவணியில் விதைக்கும்போது ஒரே ஒரு தடவை மேலோட்டமாக ஓட்டினோம். அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் களையெடுக்கக் குனிந்தபோது எனக்கு ஆச்சரியம். அதற்கு முந்தைய வருஷங்களில் கோரையைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். வருஷா வருஷம் டிராக்டர் சக்கரம் மிதித்து, அடிமண் சிமெண்டுத் தளம்போல இறுகிக் கிடந்தது. அந்த வருஷம் இழுத்த இழுப்புக்கு வேரோடு வந்தது. மக்கிய தாளுக்கு அடியில் மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாக இருந்தது. யாரும் தொந்தரவு பண்ணாமல் படுத்துக் கிடந்ததில் மண் தேறிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்த சித்திரை வந்தது. அவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார்.

"இந்த வருஷமும் வயல அப்புடியே வுட்டுருவோமுங்க" என்றேன்.

"ஏன், என்னைய இன்னொரு தடவ சாவடிக்கவா?"

"உளுந்து என்ன உழவா கேட்டுச்சு? ஈரத்துல தெளிச்சோம், தானா மொளச்சு வந்துச்சு. நெல்லு மட்டும் என்ன புது மாப்புளையா, பாய் விரிச்சாத்தான் உக்காருவேங்குறதுக்கு?"

"வெளயாடாத புள்ள. நான் உசுரோட இருக்கேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

கம்பு ஊன்றியதிலிருந்து, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற பேச்சுக்குக்கூட அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்காகப் பேச அந்த வயல் ஒன்றுதான் பாக்கி. ஆனால் உழுதால் மண் மறுபடி இறுகும். இறுகின மண்ணில் இன்னொரு வருஷம் குனிந்து கோரையோடு மல்லுக்கட்ட என் முதுகில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டும் நியாயம்தான். சண்டை போடத்தான் தெம்பில்லை.

நல்லேர் அன்று அவருடைய தம்பி மகன் டிராக்டரை எங்கள் வரப்போரம் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பெரியப்பா, முழுசும் ஓட்டிரவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தேன்.

"நடுவுல ஒரு தடம் போதும்டா. பேருக்கு. போன தடத்துலயே திரும்பி வந்துரு."

"இதென்ன புது வழக்கமா இருக்கு? பெரியம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"தலைக்கு வகிடு எடுக்குற மாதிரி எடுத்துட்டுப் போடா. உங்க பெரியப்பாவுக்கு வேற எங்க எடுக்கறது?"

அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். வயல் நடுவே ஒரு தடம் மட்டும் புரண்டு கிடந்தது.

கொஞ்ச நாளில் கோடை மழை கொட்டியது. விடிந்ததும் வயலுக்குப் போனார். சுற்றிலும் தாள் மூடிய தரை இருக்க, தான் உழுதது அது ஒன்றுதான் என்பதுபோல நேராக அந்தத் தடத்தில் இறங்கினார். கணுக்கால் வரை சேறு இழுத்துக்கொண்டது. கம்பை ஊன்றினார், அது இன்னும் ஆழமாகப் போனது. "இந்தா புள்ள!" என்று கத்தினார்.

நான் தாள்மேல் நடந்து போய் எதிரில் நின்றேன். என் காலில் சேறு ஒட்டவில்லை.

"சிரிக்காம கையக் குடு."

"சிரிக்க ஏது தெம்பு? மூட்டு வலிக்குதுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலை எடுக்கவே மூச்சு வாங்கியது. வெளியே வந்தவர் தாள் தரையில் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். தண்ணீர் எங்கும் தேங்கவில்லை, உள்ளே போயிருந்தது.

அந்நேரம் ரோட்டில் போன தம்பி மகன் வண்டியை நிறுத்தினான். "நல்ல மழை பெரியப்பா. ரெண்டு நாள் வெயிலு காஞ்சா பதம் வந்துரும். மிச்சத்தையும் ஓட்டிரவா?"

"வேணாம்டா" என்றார். பிறகு கம்பில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "யாராச்சும் கேட்டா, நாந்தான் உழாம வுடச் சொல்லிருக்கேன்னு சொல்லு. ஊரு பூரா சொல்லு."

பெய்த மழையைக் காய்ந்த வாய்க்கால் குடித்துவிட்டது, அவர் காலைக் கழுவ அதில் தண்ணீர் இல்லை. சேற்றோடே, வீடு வரை மெதுவாக நடந்தோம்.