கிளோடியா தேடிய வெயில்

கிளோடியாவை வேலைக்கு எடுத்தது தட்டச்சுக்காகத்தான். சுனாமி வந்துபோன அடுத்த வருடம், மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு வாடகை வீட்டில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அலுவலகம் திறந்திருந்தது. கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடு கட்டிக் கொடுப்பது அவர்களுடைய திட்டம். கிளோடியாவும் வீடிழந்தவள்தான். கடலோர டச்பாரில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் சீமெந்துத் தளம் மட்டும் மிஞ்சியது. தாய் ஒலிவின் உடல் கிடைக்கவே இல்லை. கணவன் மெல்றோய் தச்சுவேலை செய்பவர். அவருடைய உளியும் சீவுளியும்கூட அலையோடு போய்விட்டன. முகாமில் இருந்துகொண்டே அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

அலுவலகத்தில் பொறியியலாளரின் மேசையில் ஒரு கணினி இருந்தது. ஒருநாள் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் போனவள், திரையில் வெறும் கோடுகளாகக் கிடந்த ஒரு வரைபடம் அவர் பொத்தானை அமத்தியதும் சுவர்களாக எழுந்து நிற்பதைப் பார்த்தாள். கூரை வந்தது. கூரைக்குக் கீழே நிழலும் வந்தது. கடிதத்தை நீட்ட மறந்து நின்றாள்.

“சேர், இந்த நிழல ஆர் கீறினது?”

“ஒருத்தரும் கீறல்ல. சூரியன் எங்க நிக்குதெண்டு அதுக்குத் தெரியும். அதுவே கணக்குப் பார்த்துப் போடும். ரெண்டர் எண்டு சொல்லுறது.”

“நான் தொட்டுப் பார்க்கலாமா?”

“நான் வெளிய போற நேரம் பாருங்க. ஒண்டையும் அழிச்சுப்போடாதீங்க.”

அப்படித்தான் தொடங்கியது. அவள் திரையில் முதலில் கட்டிய வீட்டுக்கு எடுத்து வைத்த ஆயத்தக் கதவு தீப்பெட்டி அளவில் சுவரின் அடியில் கிடந்தது. பெரிதாக இழுத்தால் கோணியது. கதவு மீற்றரில் செய்யப்பட்டது, தன் வீடு அங்குலத்தில் வரையப்பட்டது, கணினிக்கு எண் மட்டும்தான் தெரியும் என்று கண்டுபிடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. விளக்குகளைக் கூட்டினாள், கறுப்பு மாறவில்லை. கடைசியில் பார்த்தால், படம் பிடிக்கும் கண்ணைச் சுவருக்குள்ளே வைத்திருந்தாள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய வீடு அங்கே வெள்ளை வெளேரென்று திறந்தபோது, தரையோட்டின் படங்களையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அவள் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் சின்னப் படமாக எடுத்துப் பார்க்க வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால், ரெண்டர் பண்ண முதல் சேமித்துவிட வேண்டும். மெல்ல மெல்லப் படம் செய்வது அவளுடைய வேலையாகவே ஆகிவிட்டது.

பெரியகல்லாற்றில் வீடு பெறப்போகிறவர்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டியபோது, அச்சிட்ட படங்களைக் கொண்டு போனவள் கிளோடியாதான். பெண்கள் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்ணகை என்ற பெண் தன் கையில் இருந்த படத்தைக் கவிழ்த்துப் பாயில் வைத்தாள்.

“வீடு பிடிக்கல்லயா?” என்று பொறியியலாளர் கேட்டார்.

“வீடு வடிவுதான் சேர். கடல ஏன் புறத்தால வெச்சிரிக்கீங்க?”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டின் பின்னால், வானத்துக்குக் கீழே, நீலமாக ஒரு கடல் இருந்தது. மென்பொருள் தானாகப் போடும் பின்னணி அது.

“அது சும்மா படம். உங்கட காணி கடலுக்கு எவ்வளவோ தூரம்.”

“படந்தான். ஆனா நாங்கதானே இதுக்குள்ள படுக்கணும்.”

கிளோடியா தலையைக் குனிந்துகொண்டாள். கடற்கரைப் பக்கம் போவதையே விட்டிருந்தவள் அவள். அப்படியிருந்தும் இந்தக் கடலுக்கு முன்னால் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள், அது கண்ணில் படவே இல்லை. எப்படிப் படாமல் போனது என்று பஸ்ஸில் திரும்பும்போதும் யோசித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் கணினியில் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து கடல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். ‘சுற்றுப்புறம்’ என்ற இடத்தில் அது கிடந்தது. அதை எடுத்துவிட்டு, வாவிக்கு அப்பால் ஒரு வயல் வட்டையில் கதிர் விளைந்து நின்ற புகைப்படத்தை வைத்தாள். அடுத்த கூட்டத்தில் பெண்கள் சத்தமாகப் பேசினார்கள். சமைக்கக் குசினி சின்னது என்றார்கள். கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கண்ணகை படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

வீடுகள் கட்டி முடிந்ததும் நிறுவனம் போய்விட்டது. பழைய கணினியைக் கிளோடியாவிடம் விட்டுப் போனார்கள். அதற்குள் அவளுக்கும் மெல்றோய்க்கும் திராய்மடுவில் வீடு கிடைத்திருந்தது. முன்னறையில் மெல்றோய் செய்துகொடுத்த மேசையில் கணினி ஏறியது. யுத்தம் முடிந்த வருடம், பாதைகள் திறந்து ஆட்கள் பயமில்லாமல் சீமெந்து இறக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் காத்தான்குடியிலிருந்து ஸகியா வந்தாள். அவள் கணவன் கச்சி முகம்மதுக்குக் கட்டாரில் வேலை.

“மாப்புள அங்க இருந்துக்கிட்டு ஊட்டப் பாக்கணுமாம்,” என்றாள். “கீறின பிளான் அனுப்பினா விளங்குதில்லயாம். நீங்க போட்டோ மாதிரி எடுத்துக் குடுப்பீங்களாமே, தங்கச்சி.”

ஸகியாவின் காணிக்கு வீதி வடக்கே. அதனால் விறாந்தையும் வடக்கே. ஆனி மாதம் பின்னேரம் நாலு மணி என்று வைத்து கிளோடியா படம் எடுத்தாள். விறாந்தை முழுக்கக் குளிர்ந்த நிழல். ஸகியாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. படம் மின்னஞ்சலில் கட்டாருக்குப் போயிற்று. அந்த வார வெள்ளிக்கிழமை ஸகியா கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“படம் நல்லா இரிக்கி,” என்றார் கச்சி முகம்மது. “ஒரு விசயம் கேக்கன், குறையா நினைக்காதீங்க. அசர் தொழுகைக்கு நாங்க மேற்கால, ஆத்துப் பக்கம் பாத்து நடந்துதான் பள்ளிக்குப் போவம். இந்த மாசத்துல வெயில் வலது கன்னத்துலதான் சுடும். உங்கட படத்துல அது இடப்பக்கத்தால வருதே?”

“அப்படி வராதே,” என்றாள் கிளோடியா. பிறகு, “நான் பார்த்துச் சொல்றன்,” என்றாள்.

சூரியன் நிற்குமிடம் அதற்குத் தெரியும் என்று பொறியியலாளர் சொன்னதை அவள் இத்தனை காலம் சந்தேகிக்கவே இல்லை. இப்போது சந்தேகம் வந்ததும் உட்கார முடியவில்லை. மெல்றோயிடம் நேரான ஒரு கம்பு கேட்டாள்.

“என்னத்துக்கு?”

“முத்தத்துல நடணும். கொம்பியூட்டருக்குள்ளயும் ஒண்டு நடப்போறன்.”

மெல்றோய் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் கம்பைச் சீவி, தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டுக் கொடுத்தார். திரையிலும் அதே உயரத்தில் ஒரு கம்பு நின்றது. நடுப்பகலில் முற்றத்துக் கம்பின் நிழல் கட்டையாகத் தெற்கே விழுந்தது. திரையில் அதைவிட நீளமாக வடக்கே விழுந்தது.

திசைகாட்டிதான் தலைகீழாக இருக்கிறது என்று நினைத்தாள். திருப்பிவிட்டாள். நடுப்பகல் நிழல் தெற்கே வந்துவிட்டது. சந்தோசப்பட்டு, காலை நேரத்தைப் போட்டுப் பார்த்தால் சூரியன் மேற்கே உதித்தது. மெல்றோய் பின்னால் நின்று சிரித்தார்.

“சிரியாதீங்க. இதுவும் ஒரு வழிதான். இது இல்லெண்டு தெரிஞ்சுபோச்சே.”

திசைகாட்டியைப் பழையபடி வைத்தாள். நேரம் சரி. மாதம் சரி. பிறகு ஒன்று உறைத்தது. ஒரே நாளில், ஒரே நேரத்தில் எல்லா ஊரிலும் சூரியன் ஒரே இடத்திலா நிற்கும்? அப்படியானால் இந்த மென்பொருள் எந்த ஊரில் நின்று பார்க்கிறது? தேடினாள். நேரத்துக்குப் பக்கத்தில், அவள் ஒருபோதும் திறக்காத சின்னப் பெட்டியில், குளிர்நாட்டு நகரம் ஒன்றின் பெயர் இருந்தது. அங்கே கோடையிலும் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போவதில்லை. பட்டியலில் மட்டக்களப்பு இல்லை, கொழும்பு இருந்தது. கொழும்பைத் தெரிவுசெய்தாள். திரையில் நிழல் சுருங்கித் தெற்கே திரும்பியது. முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

ஸகியாவின் வீட்டை மறுபடி ரெண்டர் பண்ணினாள். நாலு மணி வெயில் வடமேற்கால் சரிந்து விறாந்தைக்குள் நுழைந்து, கதிரைகளைத் தாண்டி, மண்டபத்துக் கதவு வரை நீண்டு கிடந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. மாதத்தை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஆவணி கழிய வெயில் விறாந்தையை விட்டு விலகியது. மார்கழியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய்க் குசினி யன்னலுக்குள் எட்டிப் பார்த்தது. தான் பிறந்த நாளிலிருந்து தலைக்கு மேலே நடந்துவந்த ஒன்றை அன்றுதான் முதல்தடவை பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

“சாப்பிடல்லயா?” என்று மெல்றோய் கேட்டார்.

“சூரியன் எங்க போகுதெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்.”

ஸகியா வந்ததும் முதல் படம் பிழை என்று நேராகவே சொன்னாள். ஸகியா புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ரோட்டு வடக்காலதானே இரிக்கி. ஊட்டத் திருப்பவா ஏலும்?”

“திருப்பத் தேவல்ல. வெயில் வாற வழிய மட்டும் மறிச்சுப் பார்ப்பம்.”

இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கூரையின் ஓரத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது நடுப்பகல் வெயிலைத்தான் மறித்தது, பின்னேரத்து வெயில் கீழால் புகுந்தது. விறாந்தையின் மேற்கு ஓரத்தையும் வீதிப் பக்கத்தில் பாதியையும் முழுச் சுவரால் அடைத்தபோது நிழல் வந்தது. ஆனால் விறாந்தை பெட்டி போலாகிவிட்டது. ஸகியாதான் கேட்டாள், ஓட்டைக் கல் வைத்தால் என்ன என்று. வைத்தார்கள். வெயில் பொடிப்பொடியாகத் தரையில் சிதறியது.

“இது நல்லம், தங்கச்சி,” என்றாள் ஸகியா. “உள்ளுக்க இருந்து ரோட்டப் பாக்கலாம். ரோட்டால போறவங்களுக்கு நம்மளத் தெரியா.”

படம் கட்டாருக்குப் போனது. “இப்ப இது நம்மட ஊர்,” என்று கச்சி முகம்மதிடமிருந்து பதில் வந்தது.

அடுத்த வருடம் ஆனியில் அவர் லீவில் வந்தார். வீடு பூசி முடிந்து, வர்ணம் மட்டும் பாக்கி. கிளோடியாவையும் மெல்றோயையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பின்னேரம் எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். ஓட்டைக் கல்லுக்குள்ளால் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஆனால் கூடவே அனல்காற்றும் புழுதியும் வந்தன. ஸகியா தேநீர்க் கோப்பைகளை மூடி வைத்தாள்.

“கச்சான் காத்து,” என்றார் கச்சி முகம்மது. “அங்க இருக்கக்குள்ள இதத்தான் மறந்துபோனன். ஏன் மிஸ், உங்கட புரோகிராமுக்குக் காத்து எங்கால வருதெண்டு தெரியுமா?”

கிளோடியா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“தெரியா,” என்றாள். “அப்படி ஒண்டு இருக்கா எண்டு பார்க்கணும்.”

திரும்பி வரும்போது பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. யன்னலோரம் இருந்தவள் கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்தாள்.

“மெல்றோய், கச்சான் எந்த மாசம் தொடங்குது?”

“சித்திரை கழிய.”

“நேர மேற்காலயா வரும், கொஞ்சம் தெற்குச் சாஞ்சா?”

மெல்றோய் யோசித்தார். சரியாகத் தெரியவில்லை என்றார்.