கடைசிப் பக்கத்தில் சோற்றுப் பசை

குழந்தைகளுக்கான புத்தகம் எது கையில் கிடைத்தாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல. கதையைச் சொல்லி முடித்துவிட்டு நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. இன்னும் விடவில்லை.

எங்கள் வீடு சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வயல், ஒரு பசு. படிப்பு பத்தாவதோடு நின்றது. மனைவி கோட்டாற்றில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். ஒரே மகள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு.

எனக்குக் கூச்சம் அதிகம். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போனால் கண்டக்டரைக் கூப்பிடத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வருகிறவன். மகளுக்கும் அதே குணம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. ஒரு நாள் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுலயாவது பேசுவாளா?" என்று கேட்டார். பேசுவாள் என்று தலையை ஆட்டினேன். அந்தப் பதிலையும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டில் நெய்யூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டு அம்மாவின் கணவருக்கு கல்ஃபில் வேலை. அந்த அம்மா வீட்டிலேயே துணி தைப்பார். கிறிஸ்தவர்கள். என் மகளுக்கு அவர் தையல் மாமி. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எங்கள் வீட்டில் போட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவாள். அம்மாவின் பஸ் வரும் வரை அங்கேதான்.

அங்கே அவள் வாசித்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தத்தில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, வாய்விட்டு வாசித்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தம் நின்றது. அவள் குரல் நிற்கவில்லை. மதில் தாண்டி வந்த அந்தக் குரல் யாருடையது என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது வாளியைக் கீழே வைக்கக்கூடப் பயமாக இருந்தது. சத்தம் கேட்டு நிறுத்திவிடுவாளே.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் செய்ய நினைத்தது என்ன என்பது இதை வைத்துத்தான் புரியும்.

டிசம்பர் தொடங்கியதும் அவள் ஒரு துணிப்பையில் நான்கு புத்தகங்கள் கொண்டுவந்தாள். எல்லாம் கிறிஸ்துமஸ் கதைகள். வழவழப்பான அட்டை, பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம். மாமி தந்தாவ, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் மனதுக்குள் ஒன்று முழித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல புத்தகத்தை எதற்காகத் தருகிறார்கள்?

முழித்துக்கொண்ட சந்தேகத்துக்குத் தீனி தானாக வந்து சேர்ந்தது. ஒரு நாள் மாட்டுத்தொழுவத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தனியாக உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, நம்ம வீட்டுல எடம் உண்டா?"

"ஆருக்கு?"

"சும்மா கேட்டேன்."

யாருக்கு இடம்? எதற்கு இடம்? சாமி அறையைப் பார்த்தேன். பழனி முருகன் படமும் தாணுமாலயன் கோயில் பிரசாதத் தட்டும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் சுவர் காலியாக இருந்தது. அன்றைக்கு அந்தச் சாண் சுவரை நான் அடிக்கடி பார்த்தேன்.

அடுத்த வாரம் படலுக்கு வெளியே நின்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்தேன். ஒரு வரிதான் காதில் விழுந்தது.

"மாமி என்னைய வேதத்துல சேத்தாச்சு. எங்க அப்பாட்ட சொல்லிராத."

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். சர்ச் என்றால் வேதக்கோயில். ஒரு குடும்பம் மதம் மாறினால் 'அவங்க வேதத்துல சேந்துட்டாவ' என்பதுதான் பேச்சு. வேதத்தில் சேர்வதற்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம் கிடையாது.

மனைவி வந்ததும் சொன்னேன். அவள் நைட்டிக்கு மாறிக்கொண்டே சிரித்தாள்.

"எட்டு வயசுப் பிள்ளைய எவளாவது வேதத்துல சேப்பாளா? பால்வாடியில சேக்க மாதிரியா?"

"சின்னதுலயே சேத்தாத்தான் நிலைக்கும்ணு நெனச்சிருப்பா."

"அப்ப போய் கேளுங்க."

"நீ கேளேன்."

"நான் என்னத்துக்கு கேக்க? ஒங்க சந்தேகம், நீங்க கேளுங்க. இல்லேண்ணா நாளையில இருந்து அங்க போவாண்டாம்ணு பிள்ளைட்ட நீங்களே சொல்லுங்க. எனக்க தலையில கட்டாதீங்க."

மகளிடம் போகாதே என்று சொல்வது சிறிய விஷயம் இல்லை. சொன்னால் போகமாட்டாள். ஏன் என்றும் கேட்கமாட்டாள். அந்தக் குரலும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். அதனால் முதலில் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது துணிப்பையை எடுத்து உட்கார்ந்தேன். திருடன் மாதிரி வாசல் கதவைச் சாத்திவிட்டு.

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் இல்லை. ஆனால் மெதுவாக வாசிப்பேன். முதல் புத்தகத்தில் சிவப்புச் சட்டை போட்ட தாத்தா பனியில் வண்டி ஓட்டினார். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் நெற்கதிர் நுனியில் நிற்பது. அதில் எந்த வண்டியும் ஓடாது. சாமியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சாமி இல்லாத கிறிஸ்துமஸ் கதை எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. சும்மா தாத்தாவைக் காட்டிப் பிள்ளையைப் பழக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவதில் ஒரு பெண்குழந்தை தனக்கு வந்த பொம்மையை வேறொரு குழந்தைக்குக் கொடுத்தது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுவும் பிடிக்கவில்லை.

மூன்றாவதில்தான் பிறப்பு வந்தது. ஊர் ஊராக நடந்து வந்த ஒரு நிறைமாதக்காரி. சத்திரத்தில் இடம் இல்லை. கடைசியில் மாட்டுக்கொட்டகை. குழந்தையை 'முன்னணையில்' கிடத்தினாள் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி என்று புரிந்தது. படம் போட்டவர் மாடு வளர்த்தவர் இல்லை. பசுவின் மூஞ்சிக்கு நேரே வைக்கோலில் பிள்ளையைப் போட்டிருந்தார். எங்கள் பசுவாக இருந்தால் துணியோடு சேர்த்து இழுத்திருக்கும். அந்தப் பெண் எப்படித் தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு கையைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு, மாட்டின் மூச்சு நெருங்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டு. அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. என் மகள் பிறந்த புதிதில் என் மனைவி அப்படித்தான் தூங்கினாள்.

இளகிவிட்டேன் என்று தெரிந்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இப்படித்தான் ஆளைப் பிடிப்பார்களோ? 'இந்தக் குழந்தை எல்லாருக்காகவும் பிறந்தது' என்று அந்தக் கதை முடிந்தது. அந்த 'எல்லாரும்' என்பதில் எங்கள் வீடும் உண்டா என்பதுதான் என் கேள்வியே.

பக்கத்தைப் புரட்டினேன். புரளவில்லை. கடைசி இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தானாக ஒட்டியது அல்ல. நான்கு ஓரத்திலும் பிசிறில்லாமல் பசை தடவி, அழுத்தி ஒட்டியது. மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் அப்படியே. சிவப்புத் தாத்தா புத்தகத்தில் மட்டும் ஒட்டு இல்லை.

எனக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒளித்து வைக்க ஏதோ இருக்கப்போய்த்தானே ஒட்டியிருக்கிறார்கள்?

அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் தாளைக் காட்டினேன். ஓரம் இளகியதும் ஈர்க்குச்சியை விட்டு மெதுவாகப் பிரித்தேன். உள்ளே கட்டம் போட்டு 'கிறிஸ்துமஸின் உண்மையான பொருள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரு ஜெபம். '................ ஆகிய நான்' என்று தொடங்கி, இன்று முதல் இவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று போனது. பெயர் எழுதப் புள்ளிக் கோடு. தேதி எழுத ஒரு கோடு.

கோடு காலியாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதி அழித்த தடம்கூட இல்லை. மற்ற இரண்டையும் பிரித்தேன். அவற்றிலும் காலி.

நான் பயந்தது உண்மையிலேயே அங்கே இருந்தது. ஆனால் பிள்ளை பார்க்க முடியாதபடி இருந்தது. இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. நேரம் வேறு ஆகிவிட்டது. வீட்டில் பசை இல்லை. காலையில் வடித்த சோற்றில் நான்கு பருக்கையை எடுத்து நசுக்கி, மூன்றையும் பழையபடி ஒட்டிப் பையில் வைத்தேன். அன்றும் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. ஒளித்தவர் ஒரு நாள் திறந்து காட்டமாட்டார் என்று என்ன நிச்சயம்?

இரண்டு நாளில் அவள் பையைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் அந்த அம்மா எங்கள் வீட்டில் வைக்கோல் கேட்பது வழக்கம். அவர்கள் முற்றத்தில் வைக்கும் குடிலுக்குக் கூரை வேய. அந்த வருடமும் மகளிடம் சொல்லியனுப்பினார். முதல் போகமான கன்னிப்பூ அறுப்பின் வைக்கோல் மழையில் நனையாமல் கொஞ்சம் இருந்தது. ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போனேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது, பதில் சரியில்லை என்றால் பிள்ளையைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர்கள் வீட்டு வாசலுக்குள் நுழைந்தபோது பின்பக்கத்திலிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"எடமில்ல! போங்க! இங்க எடமே கெடையாது!"

அப்படி ஒரு அதட்டலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கட்டோடு நின்றுவிட்டேன். தையல் மாமி கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்தார்.

"வாருங்க அண்ணே. பயப்படாதீங்க, ஒங்க மோளுதான். வேத நாடகத்துக்குப் படிச்சுகிட்டு இருக்கா. சத்திரக்காரனாக்கும் வேசம். தெருவுல உள்ள பிள்ளைய பாதி டான்ஸ்ல, பாதி வேதத்துல. இவ டான்ஸ் ஆட வெக்கப்பட்டா, அதனால வேதத்துல சேத்தாச்சு. ஒங்ககிட்ட சொல்லாண்டாம்ணு என்கிட்ட சத்தியம் வாங்கியாச்சு. அப்பா முன்னால வந்து நிப்பாவ, எனக்கு வெக்கமா இருக்கும்ணு சொல்லுகா."

தோளில் இருந்த வைக்கோலை இறக்கி வைக்க மறந்து நின்றேன். கேட்க வந்த கேள்விக்கு இனி இடம் இல்லை. ஆனால் அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. உள்ளே போய் அந்த மூன்று புத்தகங்களோடு வந்தார்.

"அண்ணே, இத சோத்த வச்சா ஒட்டினிய?"

தோளில் இருந்த கட்டை அப்போதுதான் இறக்கி வைத்தேன்.

"எறும்பு மொய்ச்சிட்டு. மெஷின் மேசை முழுக்க எறும்பு. மைதாவ காச்சி துருசு போட்டு ஒட்டணும். துருசு போட்டா பூச்சி வராது. நான் அப்பிடித்தான் ஒட்டினேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்க அக்கா பிள்ளைக்குக் கெடச்ச புத்தகம் இது. ஒங்க பிள்ளைக்குக் குடுக்கும்போ அந்தப் பக்கம் வேண்டாம்ணு தோணிச்சு. எனக்கு அந்த ஜெபம் உண்டு, நான் அத நம்புகேன். ஆனா ஒங்க வீட்டுப் பிள்ளைட்ட நான் அத நீட்டக்கூடாதுல்லா. கிழிச்சா புத்தகம் கெட்டுப்போவும். அதான் ஒட்டினேன். நீங்க தொறந்து பாத்ததுலயும் தப்பில்ல. எனக்க பிள்ளைன்னா நானும் பாப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இனி பிள்ளைய விடுவியளா, விடமாட்டியளா?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "வைக்கோல் காணுமா? ஒரு கட்டு போதுமா?"

"காணும், காணும்" என்றார். பிறகு உள்ளே போய் காகித நட்சத்திரம் ஒட்டிய மிச்சப் பசையை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து படியில் வைத்தார். துருசு கலந்து இளநீல நிறத்தில் இருந்தது. "இன்னா இருக்கு பசை. நீங்களே ஒட்டுங்க. அப்பத்தான் ஒங்களுக்கு சந்தேகம் வராது."

படியில் உட்கார்ந்து காய்ந்த பருக்கைகளை நகத்தால் சுரண்டினேன். ஒவ்வொன்றாகத் தடவி அழுத்தினேன். கடைசிப் புத்தகத்தில் அந்தப் புள்ளிக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. மூடினேன்.

பின்பக்கத்தில் பயிற்சி திரும்பத் தொடங்கியது. இப்போது மகளின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த அம்மா சத்தம் போட்டார்.

"ஏட்டி, இந்தச் சத்தம் காணாது! வாசல்ல நிக்க ஆளுக்குக் கேக்காண்டாமா? ஒரக்கச் சொல்லு!"

பிறகு, மதிலைத் தாண்டி எங்கள் பசு தலையைத் தூக்கிப் பார்க்கும்படி வந்தது: "எடமில்ல! போங்க!"

"கேக்குது மக்கா" என்றேன். எனக்கே கேட்கும்படி, உரக்க.