மூன்றாம் தரம் கேட்டிருந்தால்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் சேலை பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாரிக்காலத்தில், ஈரானிலிருந்து புதிதாக வந்த ஷிரின் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தார். “சாப்பாடு கட்டி வராதீர்கள், இங்கேயே சாப்பிடலாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆனால் மத்தியானம் சோறு போடவா என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்து, “மெர்சி, வேண்டாம்” என்று நன்றி சொல்லி மறுப்பார். எங்கள் உறைப்புப் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் தனியே சாப்பிட்டுவிடுவேன்.

நான்காம் நாள், சூடான இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்தார். பெட்டி அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஓடிப்போய் அவரைத் தூக்கி இருத்தினேன். சீனி போட்ட தேத்தண்ணீர் பருக்கிய பிறகு, பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்: “எங்கள் ஊரில் கேட்டவுடனே சம்மதித்தால் மரியாதையில்லை. மூன்றாம் தரம் கேட்பீர்கள் என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. “வேண்டாமெண்டு கையால மறைச்சாலும் சோறு போடுற ஊரில பிறந்தனீர். ஒருக்காக் கேட்டிட்டு விட்டிட்டீரோ?”

இப்போது நான் கேட்பதேயில்லை. இரண்டு தட்டில் சோறு போடுகிறேன். ஷிரின் சோற்றில் கை வைக்கும்வரை நானும் கை வைப்பதில்லை.