விட்டுப் போனவர்களுக்கு இலவசம்

எனக்கு அப்போது பத்து வயது. ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் அப்பா ரூம்பாய் வேலை பார்த்தார். கோடையில் அங்கே தங்கிய ஒரு குடும்பம், ஊருக்குக் கிளம்பும்போது தங்கள் நாயை மட்டும் காரில் ஏற்றாமல் போய்விட்டது. தொங்கும் காது, செம்பட்டை முடி, கழுத்தில் பட்டை. மூன்று நாள் அது கேட்டை விட்டு நகரவில்லை. எந்தக் கார் வந்தாலும் எழுந்து வாலை ஆட்டும். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பள்ளி விடுமுறை என்பதால் நானும் அதன் பக்கத்திலேயே கிடந்தேன்.

நான்காம் நாள் அதனால் எழ முடியவில்லை. உண்ணிக் காய்ச்சல். சேலத்திலிருந்து விலங்குகள் காப்பகத்து வண்டி வந்து தூக்கிப் போயிற்று. பிழைத்தால் நம் வீட்டுக்குத்தான் என்று அழுது அழுதே அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

பிழைத்துவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து, அப்பாவுக்கு லீவு கிடைத்த நாளில், பஸ் ஏறிக் கீழே போனோம். என்னைக் கண்டதும் அது குதித்த குதியில் கூண்டுக்குள் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. காப்பகத்தை நடத்திய அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தாளை நீட்டினார். தத்தெடுக்க மூவாயிரம் ரூபாய்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எதுக்குங்க காசு? இதென்ன கடையா?"

"ஊசி, ரத்த டெஸ்ட்டு, குளுக்கோஸ், குட்டி போடாம இருக்க ஆபரேசன், எல்லாம் பண்ணியிருக்குது கண்ணு. நாங்க கேக்கறது அதுல பாதிகூட இல்ல."

"விட்டுட்டு ஓடிப்போனவங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்கல. வளக்க வந்த எங்ககிட்ட மட்டும் வாங்குவீங்களா? இது நாயமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாயமில்லதான் சாமி. அவங்க யாருன்னு தெரிஞ்சா அவங்க ஊட்டு வாசல்ல போயி நின்னே வாங்கியிருப்பேன்" என்றவர், அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றார் அப்பா.

கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடுகிறவர், அன்று ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. வெளியே போய் யாருக்கோ போன் செய்து கடன் வாங்கி, முழுத் தொகையையும் கட்டினார்.

மலைக்குக் காய் ஏற்றிப்போன வேனில், நாயை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடியே வந்தேன். "நொம்பக் கோவமா கண்ணு?" என்றார். வீட்டுக்கு வந்ததும், அப்பா ஒரு ஏமாளி என்று அம்மாவிடம் கத்தினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே நாய்க்குத் தண்ணீர் வைத்தார்.

பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். ஓட்டல் ரிஜிஸ்தரில் அவர்களுடைய பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் இருந்ததாம். அப்பா முதல் நாளே அவர்களுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். "நீங்களே வெச்சுக்கங்க" என்று சிரித்தார்களாம். வருஷா வருஷம் வருகிற கஸ்டமர், அவர்கள் பெயர் வெளியே போனால் உனக்கு வேலை இருக்காது என்று மேனேஜரும் சொல்லி வைத்திருக்கிறார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மூவாயிரத்தை நாய்க்காகக் கொடுத்தார் என்றுதான் அன்று நினைத்தேன். "தெரியாதுங்க" என்று சொன்ன ஒரு வார்த்தைக்காக என்று அப்போது எனக்குத் தெரியாது.