ஆயிக்வேயின் கையுறை

எங்கள் கடற்கரைப் பேட்டையான புக்கோமில் குத்துச்சண்டை என்றால் மணி அடிப்பது நான்தான். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்துக்குள் கிழிந்த புருவத்தை அழுத்திப் பிடித்து, ரத்தத்தை நிறுத்தி, ஆளைத் திரும்ப எழுப்பி அனுப்புவது ஆயிக்வேயின் வேலை. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார். காலையில் கடற்கரையில் வலைக் கயிறு இழுப்பதால் விரலெல்லாம் வெடிப்பு.

சண்டைக்காரர்களுக்கு வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை உண்டு. காயத்தைத் தொடுகிறவனை யாரும் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் நர்ஸ் கோர்கோர் அவருக்கும் ரத்தம் எடுத்தாள். ரத்தம் வழியாக ஒட்டும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி இருந்தது.

"வேலையை விட வேணாம். வெடிப்பு மேல பிளாஸ்திரி, அதுக்கு மேல கையுறை. ஆளுக்கு ஒரு பஞ்சு. உங்க ரத்தம் அடுத்தவன் காயத்துல படக்கூடாது, அவ்வளவுதான். கூட வாழறவங்களுக்கும் ஒட்டும், வீட்டம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றாள் கோர்கோர்.

வெளியே வந்து, காத்திருந்த என்னிடம் மட்டும் இதையெல்லாம் சொன்னார். "வாயைத் திறந்துடாதடா. தெரிஞ்சா என் ஸ்டூல்ல ஒருத்தன் உக்கார மாட்டான்." நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அன்றிலிருந்து கையுறை இல்லாமல் ஒரு முகத்தையும் அவர் தொட்டதில்லை. பையன்கள் விடுவார்களா? "என்ன சித்தப்பா, பிரசவம் பாக்கப் போறியா?" என்பான் ஒருவன். "எங்க ரத்தம் நாறுதா உனக்கு?" என்பான் இன்னொருவன். அவர் பஞ்சை உறையில் கட்டிப் போடுவார், ரத்தம் விழுந்த பலகையை பிளீச்சிங் தண்ணீரால் துடைப்பார், அலுப்போடு வீட்டுக்குப் போவார்.

போன சனிக்கிழமை ஒடார்ட்டேக்கு ஆறாவது சுற்றில் இடது புருவம் கிழிந்தது. ஜெயித்துக்கொண்டிருந்தான். மணி அடித்தேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ஆயிக்வே பெட்டியைத் திறந்தால் கையுறை இல்லை.

"டெடே! கையுறை எங்க?"

வாசலில் பொரித்த மீன் விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி அங்கிருந்தே கத்தினாள். "அதுவா? மீன் கழுவ எடுத்தேன். எனக்கு மட்டும் கை நாறலாமா?"

கூடமே சிரித்தது. நாற்பது வினாடி மிச்சம்.

"வெறுங்கையால அழுத்து சித்தப்பா! ரத்தம் கண்ணுல இறங்குது!" என்றான் ஒடார்ட்டே.

ஆயிக்வேயின் கை பாதி தூரம் போனதைப் பார்த்தேன். காலையில் கயிறு அறுத்த விரல். பிளாஸ்திரி நனைந்து சிவந்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொட மாட்டேன்டா. உன் ரத்தத்துக்குப் பயந்து இல்ல. என் ரத்தத்துல ஹெபடைடிஸ் இருக்கு. மூணு வருஷமா இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒடார்ட்டே தன் துண்டை எடுத்து, குத்துச்சண்டை உறை மாட்டிய கையாலேயே புருவத்தில் வைத்தான். "எங்க அழுத்தணும்னு சொல்லு."

அவர் சொன்னார், அவன் அழுத்தினான். ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. நடுவர் சண்டையை நிறுத்தினார், ஒடார்ட்டே தோற்றான். ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்து ஓடவில்லை. ஆயிக்வே பயந்தது நடக்கவில்லை என்று நான் நிம்மதியாக வாசலைப் பார்த்தேன். டெடேயின் மீன் தட்டு மூடியிருந்தது. அவள் அங்கே இல்லை.

மறுநாள் காலை ஆயிக்வே, டெடே, நான் மூன்று பேரும் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோர்கோர் டெடேயின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது நிமிடம் ஆகும் என்றாள்.

டெடே விரலில் பஞ்சை அழுத்தியபடி கணவரிடம் கேட்டாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மூணு வருஷமா கையுறை போட்டிருக்க. என்னை எப்படி மறந்த?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமாமே?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது.